நான்காவதாக வந்தவள்

ட்வைலா பத்து வருடமாக ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுகிறவள். ஒலிம்பிக் தேர்வுப் பந்தயத்தில் முதல் மூவருக்குத்தான் இடம், அவள் நான்காவது. முப்பத்தொரு வயதுக்கு இனி அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அழுகைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள்.

மூன்றாவதாக வந்த கேசியா அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள், ஒரே கோச்சிடம் பயிற்சி எடுப்பவள். ஆனால் ஒலிம்பிக்குக்கு வேண்டிய தகுதி நேரத்தைக் கேசியா இன்னும் எட்டவில்லை. ட்வைலா போன கோடையிலேயே எட்டிவிட்டாள். சனிக்கிழமையோடு கெடு முடிகிறது. அதற்குள் கேசியா எட்டாவிட்டால் இடம் ட்வைலாவுக்கு.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்லூரி மைதானத்தில் கடைசி வாய்ப்பாக ஒரு பந்தயம். முதல் மூன்று சுற்றுக்குச் சரியான வேகத்தில் முன்னால் ஓடிக்கொடுத்துவிட்டு விலக ஓர் ஆள் வேண்டும். வருவதாகச் சொன்னவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

"நீ ஓடிக்குடுக்கிறியாடி?" பாஸ்தாவைக் கிளறிக்கொண்டே கேசியா கேட்டாள். "உங்கிட்டப் போய்க் கேக்கறது கேவலம்தான், தெரியுது."

"தெரிஞ்சும் கேக்குறே பாரு, அந்தத் தைரியம் யாருக்கு வரும்! சரி, ஓடுறேன்."

கோச் பர்னெல்லுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கென்ன பைத்தியமா ட்வை? உன் எடத்துக்கு நீயே வேட்டு வெச்சுக்கிறியே!"

"வேற யாரு இருக்கா கோச்?"

கூட ஓடுகிறவர்கள் பெருந்தன்மை என்றார்கள். பெருந்தன்மையாவது மண்ணாவது! மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் மனசு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பந்தயத்தில் இரண்டு சுற்று பிசகாமல் ஓடினாள். வேகம் கொடுப்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருபவளைக் காதாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்றாவது சுற்றின் வளைவில் ட்வைலா திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் கால் தளர்ந்தது. ஒட்டி வந்த கேசியா, அவள் முதுகில் மோதாமலிருக்கத் தடுமாறி, மறுபடி வேகம் பிடித்தாள். சுற்று முடிந்ததும் ட்வைலா புல்லில் ஒதுங்கி நின்றாள்.

கேசியா எல்லைக்கோட்டில் விழுந்தபோது, கண் சிமிட்டும் நேர வித்தியாசத்தில் தகுதி நேரம் தவறியிருந்தது. ட்வைலா தண்ணீர் கொண்டுபோனாள்.

"ஏன்டி திரும்புனே?"

"நீ வர்றியான்னு பாத்தேன்."

"என் மூச்சு உன் கழுத்துலதானடி பட்டுக்கிட்டு இருந்துச்சு!"

பட்டுக்கொண்டுதான் இருந்தது. பின் எதற்குத் திரும்பினாள்? தனக்குள் தேடிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

"நீதான் போறே ட்வை!" என்று கோச் ஓடிவந்தார். யாரோ கைதட்டினார்கள். சந்தோஷமோ வெட்கமோ ஏதாவது ஒன்று வந்தால் தேவலை என்றிருந்தது. இரண்டுமே வரவில்லை.

கேசியாவைத் தூக்கிவிடக் கை நீட்டினாள். கேசியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தரையில் கையூன்றித் தானாகவே எழுந்தாள்.