பெட்டிக்குள் பதினொரு பேர்

மருத்துவமனைகளில் டாக்டர் ஒரு மொழியும் நோயாளி ஒரு மொழியும் பேசினால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக அவள் இருந்தாள். நேரில் போவதில்லை. வீட்டின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மடிக்கணினி முன்னால் உட்காருவாள். காலை ஒன்பதுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் கட்டிலில் யாரோ. இவர் சொன்னதை அவருக்கு, அவர் சொன்னதை இவருக்கு. ஆறு வருடமாக இந்த வேலை. அழைப்புகளை அனுப்பும் நிறுவனத்தில் அவளுக்கு நல்ல பெயர். "அந்தப் பொம்பளையையே போடுங்க, அவங்க பேசினா நோயாளி பயப்படறதில்ல" என்று கேட்டு வாங்கும் டாக்டர்களும் இருந்தார்கள்.

அந்தப் பெயருக்குத்தான் நான்கு மாதத்தில் கேடு வந்தது.

அவர்கள் தெருவுக்குக் கம்பி வழி இணையம் இன்னும் வரவில்லை. சிம் போட்ட வைஃபை பெட்டிதான். ஐந்து வருடம் ஒரு வம்பும் செய்யாமல் உழைத்த பெட்டி திடீரென்று மக்கர் செய்தது. அவள் முகம் எதிர்ப்பக்கத்தில் உறைந்து நின்றுவிடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் துண்டு துண்டாகும். "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று கேட்பதே பாதி வேலையாகிப் போனது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தாள். "பெட்டியை அணைச்சிட்டு முப்பது வினாடி கழிச்சு போடுங்க மேடம்" என்றார்கள். போட்டாள். மறுநாளும் அழைத்தாள், மறுநாளும் முப்பது வினாடி. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். புது சிம் வாங்கினாள். பெட்டியைக் கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து மாடிப்படி மாடத்துக்கும், பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் போல் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இரும்பு பீரோ பக்கத்தில் வைக்கக் கூடாது, கண்ணாடி முன்னால் வைக்கக் கூடாது, சன்னலோரம் உயரத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டாள். கடைசியில் பின்னறைப் பரண்தான் உயரம் என்று தோன்றியது. ஏணி போட்டு ஏறினாள்.

கணவன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பஸ் டிப்போவில் இரண்டாம் ஷிப்ட். மதியம் வரை வீட்டில்தான் இருப்பான்.

"பாத்து. மெதுவா" என்றான். "எனக்கென்னமோ டவர்லதான் கோளாறுன்னு தோணுது. நாம என்ன பண்ணாலும் அது அப்படித்தான் இருக்கும்."

பரணில் வைத்ததும் சிக்னல் இரண்டு கோட்டிலிருந்து நான்கு கோடானது. அன்றைக்கு மாடியில் ஏதோ வயரிங் வேலை. கணவனின் அண்ணன் குடும்பம் மாடியில் இருந்தது. மாமனார் கட்டிய வீடு, மேலே மூத்தவன், கீழே இளையவன். மாடிக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் அங்கே சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தட்டல் சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்கு அழைப்புகள் ஒரு தடங்கல் இல்லாமல் போயின. ஒன்பது அழைப்பு. ஒன்றுகூட அறுபடவில்லை.

"பரண்தாங்க சரியான இடம்" என்று மதியம் அவனிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

"நான்தான் பிடிச்சேன் ஏணியை" என்றான் அவனும் சிரித்துக்கொண்டே.

மறுநாள் காலை மறுபடி பழைய குருடி கதவைத் திறடி.

இன்னொரு முறை சேவைக்கு அழைத்தபோது பேசிய பெண் கொஞ்சம் அக்கறையாகக் கேட்டாள். "உங்க வைஃபையை வேற யாராச்சும் பயன்படுத்துறாங்களா மேடம்?" அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, நாளிதழ் படித்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். "வேற யாராவது நம்ம நெட்டை எடுக்கறாங்களான்னு கேக்குறா."

அவன் நாளிதழிலிருந்து தலையை எடுக்கவில்லை. "யாரு இருக்கா, நாம ரெண்டு பேருதான்."

"இல்லம்மா, நாங்க ரெண்டு பேருதான்" என்று அவள் போனில் சொன்னாள்.

நிறுவனத்திலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது, பிறகு இரண்டாவது. அறுபட்ட அழைப்புகள் ஒவ்வொன்றையும் அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் மரியாதையானவள். "உங்க வேலையில குறையே இல்ல. லைன்தான். சீக்கிரம் சரி பண்ணிடுங்க" என்றாள். வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு டெக்னீஷியனை அனுப்பச் சொல்லி இவள் இணைய நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாள். ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

ஏழாம் நாள் அந்த அழைப்பு வந்தது.

கட்டிலில் இருந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலைமாட்டில் யாரும் இல்லை. டாக்டர் ஸ்கேன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். ஈரலில் ஒரு கட்டி இருக்கிறது, ஆனால் பயப்படும்படியான கட்டி இல்லை, பலருக்கும் வருவதுதான், வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். முழுவதையும் கேட்டுக்கொண்டு அவள் நோயாளி பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க ஈரல்ல ஒரு கட்டி இருக்கு," என்றாள். "ஆனா" என்று எடுப்பதற்குள் திரை நின்றது.

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி. இவள் பேசிக்கொண்டே இருந்தாள். "ஆனா பயப்பட ஒண்ணுமில்லம்மா. கேக்குதா? ஒண்ணுமில்லம்மா." ஏணியில் ஏறிப் பெட்டியை அணைத்துப் போட்டாள். தன் போனிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்தாள். எந்த வார்டு என்று கேட்டார்கள். அவளுக்கு அழைப்பு எண் மட்டும்தான் தெரியும், நோயாளியின் பெயர் தரும் வழக்கம் இல்லை. மறுபடி இணைப்பு வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் வேறு மொழிபெயர்ப்பாளரைப் போட்டுவிட்டார்கள். நடுவில் அந்தப் பெண் கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு வார்டை விட்டு வெளியே ஓடினாள் என்றும், வாசலில் பிடித்து அழைத்து வந்தார்கள் என்றும் மேற்பார்வையாளர் சாயங்காலம் சொன்னாள். பிறகு, "லைன் சரியாகிற வரைக்கும் உங்களுக்கு அழைப்பு தர முடியாது" என்றாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கணவன் ஷிப்ட் முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "பாவம்" என்றான். பிறகு, "இந்த டவர்க்காரனுங்களை ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

டெக்னீஷியன் சொன்ன நாளில் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுபவர். பரண் மேல் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல இடமாத்தான் வச்சிருக்கீங்கம்மா. நான் வந்திருந்தாலும் இங்கதான் வச்சிருப்பேன்." போனில் எதையோ அளந்தார். "சிக்னல் பிரமாதமா இருக்கு. டவர் மேல ஒரு குத்தமும் இல்ல. ஊர்ல எது நடந்தாலும் பழியை டவர் தலையிலதான் போடறாங்க. இங்க பாருங்க, இறங்கறது சுமாரா வருது, ஏறுறதுதான் சுத்தமா இல்ல. நீங்க பேசற வேலைதானே? உங்க முகமும் குரலும் இங்கேருந்து ஏறிப் போகணும். வழியை எதுவோ அடைச்சிட்டு நிக்குது." மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தார். "வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேரு."

"பெட்டிக்குள்ள பதினொரு பேர் இருக்காங்களே."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அவள் மடிக்கணினி. அவள் போன். கணவன் போன். அதற்குக் கீழே கேமரா ஒன்று, கேமரா இரண்டு, மூன்று, நான்கு. ஹால் டிவி. படுக்கையறை டிவி. இன்னும் இரண்டு போன்.

"கேமராதான் காரணம். ராத்திரி பகல் பாக்காம படத்தை மேல ஏத்திக்கிட்டே இருக்கும். நாலு மாசமா ஓடிட்டிருக்கு" என்றார். "உங்க வீட்ல கேமரா இருக்கா?"

அவள் வீட்டில் கேமரா இல்லை. மாடியில் இருந்தது. மூத்தவர் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். வாசலுக்கு இரண்டு, பின்பக்கம் ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று என்று கேமரா பொருத்தி, கடையில் உட்கார்ந்தபடியே வீட்டைப் பார்க்கிறேன் என்று பெருமை பேசுவார்.

கணவன் வாசற்படியில் நின்றிருந்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் அவன் பார்வை டெக்னீஷியனின் பை மேல் போனது.

"எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு பாஸ்வேர்டை மாத்திடட்டுமாம்மா?" என்று கேட்டார் டெக்னீஷியன்.

"இருங்க" என்றான் கணவன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

டெக்னீஷியன் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

"மாத்துங்க" என்றாள் அவள்.

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். கத்தவில்லை. கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எப்போ குடுத்தீங்க?"

"கேமரா வச்சப்போ. ரெண்டு நாளைக்குன்னுதான் அண்ணன் கேட்டான். அவன் நெட்டு வந்ததும் மாத்திக்கிறேன்னான். அப்புறம் எப்படி வாய்விட்டுக் கேக்கறது?"

"நான் ஏணியில ஏறினப்போ நீங்கதானே கீழ நின்னு பிடிச்சீங்க."

"நீ விழுந்துடக் கூடாதுன்னு பிடிச்சேன்."

"அந்தப் பொண்ணு போன்ல கேட்டாளே, வேற யாராவது எடுக்கறாங்களான்னு. என்ன சொன்னீங்க?"

அவனுக்குக் கோபம் வந்தது. "இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்? நெட்டு என்ன தண்ணியா, மேல மொண்டா கீழ குறையறதுக்கு? சொன்னா நீ சண்டை போடுவே. அண்ணன் தம்பிக்குள்ள வீணா விரிசல் வரும்."

"போட்டிருப்பேன். ஒரு நாள் சண்டை. வேலை இருந்திருக்கும்."

அரைமணி நேரத்தில் ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் டிவி ரிமோட்டோடு.

"உங்களுக்கு நெட்டு வருதா? மேல பட்டுன்னு நின்னுபோச்சு. கடையிலேருந்து போன் மேல போன், கேமரா ஓடலையாம்."

"பாஸ்வேர்டு மாத்திட்டேன்க்கா. என் வேலைக்கு இடைஞ்சலா இருந்தது."

ஓரகத்தியின் முகம் மாறியது. "அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நாங்க என்ன திருடியா எடுத்தோம்? உன் புருஷன் கையால போட்டுக் குடுத்தது."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா?" ஓரகத்தி கொழுந்தனைப் பார்த்தாள். "நீதான் குடுக்கச் சொன்னேன்னு சொன்னாரு. நான்கூட நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன், எங்க வீட்டுக்கு வந்தவ மாதிரி மனசு யாருக்கு வரும்னு."

அதுவரை அவளுக்கு ஓரகத்தி மேல்தான் எரிச்சல் இருந்தது. அது போன இடம் தெரியவில்லை. ஓரகத்தி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள், யாரும் உட்காரச் சொல்லாததால் ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டே படியேறிப் போனாள். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. எதற்கு விரிசல் வரும் என்று அவன் பயந்தானோ, அது அரை நாளில் வந்துவிட்டது.

இணையம் பறந்தது. அவள் தன் முகத்தையே சோதித்துப் பார்த்துக்கொண்டாள். இமைப்பதுகூட இழுக்காமல் தெரிந்தது. உட்கார்ந்து மேற்பார்வையாளருக்கு எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். டெக்னீஷியன் காட்டிய பட்டியலையும் படம் எடுத்து இணைத்தாள். கோளாறு தன்னுடையதல்ல என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தாள்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. மேற்பார்வையாளர் எழுதியதல்ல, சட்டப் பிரிவிலிருந்து. நோயாளிகளின் பேச்சு போகும் இணைப்பை வெளியார் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று அவள் வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான்கு மாதமாக வேறொரு குடும்பத்தின் எட்டுக் கருவிகள் அதில் இருந்ததை அவளே படத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவளை நிரந்தரமாக நீக்குகிறார்கள். ஒத்துழைப்புக்கு நன்றி.

கடிதத்தைக் கணவனிடம் நீட்டினாள். இரண்டு முறை படித்தான்.

"இதை யாரு எழுதச் சொன்னா உன்னை?" என்றான். "டவர் கோளாறு, சரியாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். பொழைக்கத் தெரியாதவளா இருக்கியே."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டு மாதம் அலைந்து, ஒரு அரசு மருத்துவமனையின் விசாரணை மேசையில் வேலை கிடைத்தது. எக்ஸ்ரே எந்தப் பக்கம், மருந்து எந்த வரிசை, சீட்டை யாரிடம் காட்டுவது. மொழி தெரியாதவர்கள் வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். ஆனால் டாக்டர் அறைக்குள் அவளுக்கு இடமில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஆறரை பஸ்ஸுக்கே கிளம்புவாள். நின்று நின்று கால் வீங்கும். தலைமாட்டில் ஆளில்லாமல் கட்டிலில் யாராவது படுத்திருந்தால், மேசையை விட்டுப் போகக் கூடாது என்று தெரிந்தும் ஒரு நிமிடம் போய் நின்றுவிட்டு வருவாள். அதற்காக இரண்டு முறை பேச்சு வாங்கியிருக்கிறாள்.

வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. உறவில் நான்கு பேர் வந்து அவளுக்குப் புத்தி சொன்னார்கள். கொஞ்சம் நெட்டுக்காக அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாள் என்பதுதான் ஊருக்குப் போன கதை. அவள் அதைத் திருத்தப் போகவில்லை. ஒருமுறை உண்மையை எழுதிப் பார்த்தாயிற்று.

ஒருநாள் காலை அவள் பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தபோது கணவன் போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். மாற்றிய நாளிலிருந்து அவனுக்கும் பாஸ்வேர்டு இல்லை. வாசலில் நின்று போனில் வரும் இணையத்தை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாஸ்வேர்டு" என்றான். "நீதான் இப்ப அதை உபயோகிக்கறதே இல்லையே."

அவள் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். "யாருக்கு வேணும்னாலும் குடுங்க" என்றாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். அவள் செருப்பை மாட்டினாள். ஆறரை பஸ்ஸுக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது.

"இது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று கேட்டான்.

"சின்னது" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.