ஒரு தபா டிவிடெண்ட் வாங்கிட்டு வா

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து வந்தது. 'ஈவுத்தொகைக் கொள்கை', அதாவது டிவிடெண்ட் கொள்கை, என்ற தலைப்பின் கீழ் அங்கே நான்கு வரிகள் இருக்கின்றன. என் மகன் பாரி இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவற்றைப் படித்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திருவொற்றியூர்க் கடலில் அன்று அலைகள்...' அடித்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. கன்டெய்னர் லாரிகள்தான் தெரியும்.

2

பாரி ஜியாலஜி படித்தவன். ஒடிசாக் காட்டில், கனிமம் தேடும் கம்பெனி ஒன்றில் வேலை. (கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.) பூமியைத் துளைக்கும்போது உருளை உருளையாக வெளிவரும் கல்லைப் பெட்டியில் அடுக்கி, எத்தனையாவது மீட்டரில் என்ன வந்தது என்று குறித்துவைப்பான்.

"தங்கம் எடுக்கிறீங்களாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எடுக்கிறது இல்ல நைனா. மண்ணுக்குள்ள கீதா, இல்லியான்னு பாக்குறது."

"பாக்குறதுக்கா சம்பளம்?"

"நீ ஸ்டோர்ல குந்திகினு பூட்டையே பாத்துகினு இருந்தியே, உனக்குக் குடுக்கல?"

3

[இங்கே என்னைப் பற்றி ஒரு பத்தி தேவைப்படுகிறது. தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை.]

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். தொழிலாளிகளான எங்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் பிறந்தால் டிவிடெண்ட் தபாலில் வந்துவிடும். அன்று வீட்டில் பிரியாணி. பங்கு என்று ஒன்றிருந்தால் வருடா வருடம் பணம் வரும் என்பதுதான் நான் அறிந்தது.

பாரி இறந்த வருடம், பிப்ரவரியில், அவன் கம்பெனியும் அவனுக்கு ஐந்நூறு பங்குகள் கொடுத்தது. நான் பூரித்துப்போனேன். லாபம் பார்க்கும் ஆலையும், இன்னும் எதையுமே கண்டுபிடிக்காத கம்பெனியும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிவிட்டேன்.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. பாரி போனில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"நைனா, வூட்டுக்கு வந்துரட்டா?"

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அங்கியே ஏதாச்சும் வேலை பாத்துக்கிறேன்."

"ஷேர் குடுத்துகிறாங்க, நீ பாட்டுக்கு வந்துட்டா? ஒரு தபா டிவிடெண்ட் வாங்கிட்டு வா."

"சரி நைனா."

முதல் பிரதியில், 'சரி நைனா என்று சொல்லிச் சிரித்தான்' என்று எழுதியிருந்தேன். என் மனைவி செங்கொடி படித்துவிட்டு நோட்டைத் தள்ளினாள்.

"யோவ், அவன் எங்கய்யா சிரிச்சான்? நீதான் சிரிச்ச."

"இல்ல, லேசா..."

"பக்கத்துல குந்தினு இருந்தவ நானு. கதைன்னா இன்னா வேணா எழுதுவியா?"

அடித்துவிட்டேன்.

அந்தப் போனுக்குப் பிறகு பத்தொன்பதாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஜீப்பில் கொண்டுபோகும் வழியிலேயே

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

5

பங்குகள் என் பெயருக்கு மாறின. அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை என் தமிழில் தருகிறேன்: 'நிறுவனம் இதுவரை ஈவுத்தொகை வழங்கியதில்லை. சுரங்கம் தோண்டி லாபம் ஈட்டும் காலம்வரை வழங்கும் எண்ணமும் இல்லை. நிதி முழுவதும் கனிமத் தேடலுக்கே செலவிடப்படும்.'

அப்பனும் தெரியாமல் சொன்னான், பிள்ளையும் தெரியாமல் காத்திருந்தான் என்று எழுதினேன். அத்தோடு முடித்திருக்கலாம்.

ஆனால் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் மொபைலிலேயே நடந்தது. பேச எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. பங்கு கொடுக்கும்போது ஊழியர்களிடம் இந்தக் கொள்கையைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

கம்பெனி செயலாளர், ஒரு பெண், மரியாதையாகப் பதில் சொன்னார். "படிச்சுப் பாத்துதான் சார் எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க. உங்க பையனோடதை அனுப்பிவைக்கிறேன்."

அனுப்பினார். பாரியின் கையெழுத்து. பிப்ரவரித் தேதி. அதிலும் அதே நான்கு வரிகள்; 'வழங்கும் எண்ணமும் இல்லை' என்ற இரண்டாம் வரியின் அடியில் அவன் கோடு போட்டிருந்தான்.

6

ஆக, ஜூன் மாதம் அவனுக்குத் தெரியும். டிவிடெண்ட் வராது என்று தெரிந்தவனிடம்தான் அது வந்தபிறகு வா என்று சொல்லியிருக்கிறேன்.

முடிவு அ: நைனாவுக்கு விவரம் போதாது என்று புரிந்துகொண்டான். அம்மா எதிரில் என்னைத் திருத்த மனமில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

முடிவு ஆ: பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற ஆள் நான். அதை வைத்து வீட்டில் கேலி செய்வார்கள். எனவே கம்பெனியின் கொள்கை எனக்கும் தெரியும் என்று நினைத்தான். தெரிந்துகொண்டே நான் அப்படிச் சொன்னால், அதற்கு அவன் என்ன அர்த்தம்

செங்கொடியிடம் இரண்டையும் காட்டினேன். நோட்டை நான்காம் பகுதிக்குத் திருப்பினாள். பிறகு கேட்டாள்:

"அவன் திருப்பி ஒண்ணு கேட்டானே, அத்த ஏன்யா எழுதல?"

ஆமாம், எழுதவில்லை. மூன்று பிரதியிலும் விட்டுவிட்டேன். 'சரி நைனா' என்பதற்கு முன்னால் இது இருந்தது:

"டிவிடெண்ட் வந்தப்புறந்தான் வரணுமா, நைனா?"

"ஆமாண்டா."

நான்காம் பகுதியில் இதைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். அ, ஆ இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று உங்களுக்குத் தெரிந்தால் அதை எழுதுங்கள். நோட்டில் இரண்டு பக்கம் விட்டிருக்கிறேன்.

எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கொடி படிப்பாள்.