சத்தம் போன இடம்

…இல்லை, ‘பாருங்க’ என்றுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும், உதடு ஒட்டிப் பிரிகிறது, ஆனால் ‘போதுங்க’ என்றாலும் அப்படித்தானே ஒட்டிப் பிரியும், வாய் விரிகிறதா குவிகிறதா, அது மட்டும் தெரியவில்லை, என் பக்கம் திரும்பிவிட்டாள், கேமராவுக்குக் கன்னம்தான் கிடைத்திருக்கிறது… இன்னொரு தடவை ஓடவிடுகிறேன். காலையில் வெளியான டிரெய்லர், சோபாவில் நானும் என் மனைவியும், பார்க்கிறோம், ஆச்சரியப்படுகிறோம், அந்த ஆச்சரியத்தைப் பார்க்கத்தான் அத்தனை பேர் எங்கள் சானலுக்கு வருகிறார்கள், ‘அண்ணி ரியாக்‌ஷன் வேற லெவல்’ என்று கமெண்டில் கொண்டாடுவார்கள், அண்ணனை யாரும் சீண்டுவதில்லை, போகட்டும். முதலில் எடுத்த இதில் பாதியில் சத்தம் போயிருந்தது. இருக்கிற ஒரே மைக் அவள் காலரில், சார்ஜ் போடுவதும் அவள்தான், “ஒரு பேட்டரியைக்கூடப் பாத்துக்க முடியாதா” என்று கத்தினேன், எதற்கு அப்படிக் கத்தினேன், வேறு எவனாவது முந்திவிடுவானே என்ற பதற்றம். திரும்ப எடுத்தோம். பார்த்த டிரெய்லரையே முதல் தடவை பார்ப்பது மாதிரி பார்த்தோம், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டினாள், கண்ணைத் துடைக்க வேண்டிய இடத்தில் துடைத்தாள், முன்னதைவிட நன்றாகவே வந்தது, அதை அவளிடம் சொன்னேன்கூட. எழுந்து, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்றா கேட்டேன்? அடுத்த வாரம் டீசர் வருதே என்றேன்.

பக்கத்து அறையில் பீரோ திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது, அக்கா வீட்டுக்குப் போக இத்தனை துணியா… போய்க் கேட்டுவிடலாம், என்ன சொன்னாய் என்று. கேட்டால், காதில் விழவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவன் காதில் விழவில்லையாம். அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தேன்? இதோ தெரிகிறதே, ஹீரோ காரைவிட்டு இறங்குகிறான், இறங்கத்தான் செய்கிறான், அதற்கு நான் தலையில் கைவைத்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன், அவள் பேசி முடித்துக் காத்திருக்கிறாள், நான் திரையைக் காட்டித் தலையாட்டுகிறேன், எதற்கு ஆட்டினேன், சரி என்றா? பயமாக இருக்கிறது. ‘பாருங்க’ என்றால் சமாளித்துவிடலாம், ‘போதுங்க’ என்றால்… கொஞ்சம் முன்னால் இழுக்கிறேன், சத்தம் போகும் இடத்துக்கே. அவள் கை காலருக்குப் போகிறது. சொறிகிறாளா? மைக்கில் எரிந்த பச்சைப் புள்ளி அணைகிறது. அதற்குப் பிறகுதான் திரும்புகிறாள், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கிறாள். திரும்ப எடுத்தபோது நான் மைக் பொத்தானை அழுத்தியதும் உடனே எரிந்ததே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லையே… பேட்டரி எங்கே தீர்ந்தது, எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று அவள்தான் அணைத்திருக்கிறாள், இத்தனை நாளில் சானலுக்கு இல்லாமல் எனக்கென்று அவள் பேசியதே அந்த ஒரு வார்த்தைதானோ.

“போட்டாச்சா?” அறை வாசலில் நின்று கேட்கிறாள், தோளில் பை. வீடியோவைத்தான் கேட்கிறாள். அவள் முகத்தைப் பெரிதாக்கி நிறுத்தி வைத்திருக்கிறேன், உதடு பிரியும் இடத்தில். “இன்னும் இல்ல” என்கிறேன். செருப்பு மாட்டும் சத்தம் கேட்கிறது. அந்தப் பதிலையும் நான் திரையைப் பார்த்தபடியேதான் சொல்லியிருந்தேன்.