ஒட்டிவைத்த சீட்டு

மலர்விழி ஏழாவது தடவையாகத் தேடிவிட்டாள். நேற்று ஏற்றிவைத்த பதினோரு நர்சிங் விண்ணப்பமும் அவள் வேலை பார்க்கும் பிரௌசிங் கடையின் கம்ப்யூட்டரில் இல்லை. வெள்ளிமலையிலிருந்து ரசீது வாங்க வந்த அம்மாசி பின்னாலேயே நின்றார். மறுபடி ஏற்றலாமென்றால் அவர் மகள் தனுஷாவின் சான்றிதழ்கள் மலையில், வீட்டுப் பெட்டியில் இருந்தன. பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. மணி பதினொன்றே முக்கால்.

நேற்று மத்தியானம் நெட் போய்விட்டது. காலையில் வந்த, மலைக்குக் கீழே இருக்கும் சங்கராபுரத்துக்காரர்களுடையது அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. கீழே உள்ளவர்கள் நடத்திய இடஒதுக்கீட்டு மறியலால் பஸ் இல்லாமல் தாமதமாக வந்த மலைப் பிள்ளைகளுடையதுதான் தங்கிப்போனது. அவற்றை மலர்விழி, தானே எழுதிய புரோகிராமில் தற்காலிகக் கோப்பாக வைத்திருந்தாள். புரோகிராம் ஓடும்வரை கோப்பு இருக்கும், நெட் வந்தால் தானாகப் போய்விடும், புரோகிராமை மூடினால் அழிந்துவிடும். ஊரார் சான்றிதழும் போட்டோவும் கடையில் தங்கி யார் கையிலும் சிக்கக்கூடாது என்றுதான் அப்படி எழுதியிருந்தாள். போகும்போது "கம்ப்யூட்டரை மூடாதீங்க" என்று நீல மையில் எழுதித் திரையில் ஒட்டிவிட்டுத்தான் போனாள். இப்போது அந்தச் சீட்டையும் காணோம்.

"கீழ்நாட்டு ஆளுங்களுது எல்லாம் போயிருக்குது. எங்க புள்ளைங்களுது மட்டும் எப்பிடிம்மா அழியும்?" அம்மாசியின் குரல் தணிந்துதான் இருந்தது. "உங்க அண்ணன் செழியன் மறியல்ல ஒக்காந்துகினு இருந்தாரே, பாத்தேன்."

"ஐயோ, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்ங்க?" முதலாளி தீனதயாளன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ராத்திரி கடைய சாத்தும்போது நீங்க இத அணைச்சீங்களா?"

"நானா? நான் இன்னாத்துக்குத் தொடறேன்? நீ எழுதுன புரோகிராமு, நீதான் பாத்துக்கணும்." கண்ணைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார். "இந்த மாதிரி நேரத்துல எவர நம்பறதுன்னே தெரியலங்க அம்மாசி. நாளைலேர்ந்து இவ வரமாட்டா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானோ என்று நினைத்தாள் மலர்விழி. முதலாளிமேல் சந்தேகம் இருந்தது, சாட்சி இல்லை. தினமும் கடை சாத்துமுன் எல்லா மெஷினையும் அணைத்து, சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டி, விபூதியை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போவது அவர் வழக்கம்.

வெளியே எங்கோ மறியல் மைக் கேட்டது. அம்மாசி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டியது.

"வுடுங்க, அடுத்த வருசம் போட்டுக்கலாம். சாமி இருக்குது." தீனதயாளன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். அம்மாசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு விரலால் விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

அவர் விரல் வழித்த இடத்தில் நீல மை தெரிந்தது. 'மூடாதீங்க.'