இம்மானுவேல் மறுபிறந்த நாள்

கடமலைக்குண்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் இம்மானுவேல், வியாழக்கிழமை சாயங்காலங்களில் தன் வீட்டில் வேதவாசிப்புக் கூட்டம் நடத்தினான். வருகிறவர்கள் எல்லாம் லுத்தரன் சபையார். ஞாயிறு ஆராதனை மட்டும் போதாது, உள்ளம் மாற வேண்டும் என்பார்கள். சபையை உடைக்கப் பார்க்கிறார்களோ என்று சிலர் முணுமுணுத்தபோது போதகர்தான் சமாதானம் சொன்னார்: "தரங்கம்பாடிக்கு மொதல்ல வந்த மிஷனரிமாரும் இப்படி வீட்ல கூடி வேதம் வாசிச்ச இயக்கத்துல வளந்தவகதான்."

அவன் மனைவி விஜியின் சந்தேகம் வேறு. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தான் உள்ளம் மாறி மறுபிறந்த நாளைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வருசநாட்டு ரோட்டில் பைக் சறுக்கி விழுந்த அன்று, அங்கேயே முழங்காலிட்டு அழுததாகவும், அன்றோடு குடியை விட்டதாகவும் இம்மானுவேல் சொன்னான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்று பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் விஜி. அவன் முழங்காலிடவில்லை, எதிரே வந்த டிராக்டர்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இது பொய்யென்றால், குடியை விட்டதும் பொய்தானோ? அவன் சட்டையை மோந்து பார்த்தாள். கடை அலமாரியைக் குடைந்தாள். தேனிக்குக் கம்பி வாங்கப் போனவன் தாமதித்தால் கம்பிக் கடைக்கே போன் போட்டாள். எதுவும் சிக்கவில்லை. நன்றாக மறைக்கிறான் என்றுதான் தோன்றியது.

ஒரு வியாழன் எல்லாரும் போனபின் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு எங்கன முழங்கால் போட்டீக?"

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "போடல."

"பெறகு ஏன் சொன்னீக?"

"கூட்டத்துல மொக்கம்மாக்கா எந்த நாளுன்னு கேட்டாக. அவுக என்னய மாதிரி கொழந்தையில இல்ல, வெவரம் தெரிஞ்ச பெறகு ஞானஸ்நானம் வாங்குனவுக, அவுகளுக்கு நாளு தெரியும். எனக்குத் தெரியல விஜி. ஒரு நாள் கடையச் சாத்துனேன், ஒயின்ஷாப்புக்குப் போகத் தோணல. மறுநாளும் தோணல. இதச் சொன்னா யாரு நம்புவா?"

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

அடுத்த கூட்டத்தில் அவன் உண்மையைச் சொன்னான். மொக்கம்மாள் வேதத்தை மூடினார். "அப்ப நீ இன்னும் மறுபிறக்கல தம்பி. உன் வீட்ல இனி என்ன வாசிக்க?" எழுந்து போனார். பாதிப்பேர் அவர் பின்னால் போனார்கள். அதுவரை அடுக்களையிலிருந்து டீ மட்டும் கொடுத்துவந்த விஜி, காலியான பாயில் வந்து உட்கார்ந்தாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் மொக்கம்மாள் வீட்டிலும் கூட்டம் நடக்கிறது. சந்தையில் எதிர்ப்பட்டால் அவர் இம்மானுவேலின் முகத்தைப் பார்ப்பதில்லை. விஜிக்கும் சந்தேகம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவனிடமே கேட்கிறாள்.