ஐந்தாவது சுற்றில் உட்கார்ந்தவள்

எனக்கு வலி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லக் கூடாது. பல வருட வலி. காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. நேற்றுத் தோளில் இருக்கும், இன்று இடுப்பில் இருக்கும், நாளைக்குப் பத்து விரலிலும் இருக்கும். பனி இறங்கும் காலையில் சீலைக் கொசுவத்தைப் பிடித்துச் செருகுவதற்குள் அழுகையே வந்துவிடும். ஆனால் வெளியே பார்த்தால் நான் கல்லுக்குண்டு மாதிரி இருப்பேன். நல்ல உயரம், நல்ல சதை, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். இப்படிப்பட்டவள் வலிக்கிறது என்றால் எவன் நம்புவான்?

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து ஆறு மைல்கட்டை தூரம். அங்கே ஒருவரும் நம்பவில்லை. மருந்துக்கார ஐயா நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், "ஒண்ணுமில்ல போ" என்று விளக்கெண்ணெயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு நாள் வயிற்றால் போனது, வலி போகவில்லை. கோடாங்கி உடுக்கை அடித்து, ஓடைக்கரையில் ஏதோ என்னைப் பிடித்திருக்கிறது என்றான். கறுப்புச் சேவல் ஒன்றைப் பலி கேட்டான். சேவல் போனதுதான் மிச்சம்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தால் அடுத்த மூன்று நாள் படுக்கை. அதனால் நல்ல நாளிலும் பாதிக்கு மேல் செய்ய மாட்டேன். கொழுந்து பறிக்கும்போது ஒவ்வொரு நிரை முடிவிலும், வலிக்கிறதோ இல்லையோ, நூறு எண்ணும்வரை உட்கார்ந்துவிடுவேன். வலி வந்த பிறகு உட்கார்ந்து பிரயோசனமில்லை, வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருடம் ஆயிற்று. சாயங்காலம் செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி இடுப்புக்குக் கொடுப்பேன். தண்ணீர் தூக்குவது என் வீட்டுக்காரர் வீரமலை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஆம்பிளைகள் சிரிப்பார்கள்.

"என்னடா வீரமல, பொண்டாட்டிக்குக் கொடம் தூக்குறியா?"

"ஆமா. ஒம் பொண்டாட்டிக்கும் தூக்கணுமா? கொடத்தக் கொண்டாரச் சொல்லு" என்பார் அவர். அதற்குமேல் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.

நம்பாதவர்களில் முதல் ஆள் கனகம். வீரமலையின் தங்கை, எனக்கு நாத்தனார், லயத்து வீட்டு வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பரா அறையில்தான் குடி. நிரை முடிவில் நான் உட்கார்ந்தால் போதும், "மகாராணி குந்திட்டாங்க, வெத்தல மடிச்சுக் குடுங்கடி!" என்று மலையே கேட்கக் கத்துவாள். நானும் சும்மா இருக்க மாட்டேன். "நல்லாக் கொட்டப்பாக்கா வெச்சு மடிடி" என்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளே எரியும்.

எனக்கு இருந்த ஒரே பெருமை கும்மி. மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் பிற்பகல், முளைப்பாரிச் சட்டிகளை ஓடையில் கரைக்கக் கொண்டுபோவதற்கு முன், கோயில் வாசலில் அவற்றை நடுவில் வைத்துப் பெண்களெல்லாம் சுற்றிவந்து கும்மியடிப்போம். ஏழு சுற்று. முன்பாட்டு நான். பாடுகிறவள் ஏழு சுற்றும் முடியும்வரை உட்காரக் கூடாது, சுற்று ஒடிந்தால் அம்மனுக்குக் குற்றம் என்பது எங்கள் தோட்டத்து முறை. வருடத்தில் அந்த ஒரு நாள் என்னைச் சோம்பேறி என்று சொல்ல ஆளிருக்காது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன், சத்தியமாக.

அந்த வருடம் கனகம் பூசாரியிடம் போய் வத்தி வைத்துவிட்டாள். "மதினிக்கு ஒரு நிரைக்கே கால் ஓஞ்சு போகுது. நடுவுல குந்திட்டா யாரு பதில் சொல்றது? நான் பாடுறேனே."

பூசாரி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "இந்த வருசம் நீ பாடு வடிவு. ஏழு சுத்தும் முடிச்சுட்டா எப்பவும் ஒனக்குத்தான். நடுவுல குந்துனியோ, அடுத்த வருசத்துலேர்ந்து கனகத்துக்கு. என்ன சொல்ற?"

"சரிங்க" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே உடம்பைப் பொத்திப் பொத்தி வைத்தேன். மாவு இடிக்கவில்லை, விறகு பொறுக்கவில்லை, வாசல்கூட வீரமலைதான் பெருக்கினார். அப்படியும் அன்று காலையில் எழுந்தபோது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கொண்டையை எப்படியோ ஒரு சுருட்டு சுருட்டிச் செருகிக்கொண்டேன்.

"முடியலேன்னா விட்டுரு புள்ள" என்றார் வீரமலை.

"விட்டா ஒங்க தங்கச்சி பாடுவா. அவ பாடுனா அம்மன் மலைய விட்டே ஓடிரும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், விலாவில் வலித்தது.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பண்டாரவளை வரை ரயிலிலும் மிச்ச வழி மாட்டு வண்டியிலும் வந்து இறங்கியிருந்தார்கள் பறையடிக்கிற தப்புக்காரர்கள். அடியென்றால் அடி! முதல் சுற்றிலேயே என் குரல் கோயில் கூரைக்கு ஏறிவிட்டது. நாற்பது பெண்கள், எண்பது கை, ஒரே தட்டு. வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது, அந்த வெயில் எனக்கு ஒத்தடம். இரண்டு, மூன்று, நாலு. அடி ஆத்தாடி, எத்தனை சந்தோஷம்! வலி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பாட்டு அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஐந்தாவது சுற்றில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தேன், நிமிர முடியவில்லை. தொடை நடுங்கியது, தோள் நடுங்கியது, பல்லுக்கிடையில் "ஸ்ஸ்ஸ்" என்று காற்று வந்தது. ஒரு உலுக்கலில் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் முகத்தில் விழுந்தது. அவ்வளவுதான்.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ அலறினார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. தப்பு இரட்டை அடிக்கு மாறியது. என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணியே தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். பூசாரி சூடத்தட்டோடு ஓடிவந்தார்.

"தாயே! வந்துட்டியா! என்ன கொற வெச்சோம், சொல்லு தாயே!"

கனகம் தடாலென்று என் காலில் விழுந்தாள். "தெரியாமப் பண்ணிட்டேன் தாயே, மன்னிச்சுக்க!"

எனக்கு ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். இனி வடிவுதான் பாட வேண்டும், வடிவு நினைத்த இடத்தில் உட்காருவாள், எவரும் கேட்கக் கூடாது என்று அம்மன் சொன்னால் பெரிய கங்காணியே தலையாட்டுவார். கனகத்தைத் தினமும் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கச் சொல்லலாம். உண்மையைச் சொன்னாலோ பாட்டு போச்சு, அந்த ஒரு நாளும் போச்சு. வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அப்படியொரு கோபம். இத்தனை வருடமாக இதே நடுக்கத்தைத்தானே சொல்கிறேன்? அம்மன் நடுங்கினால் காலில் விழுவார்கள், வடிவு நடுங்கினால் வெற்றிலை மடிக்கச் சொல்வார்களா?

"சாமியும் இல்ல பூதமும் இல்ல" என்று கத்தினேன். "நான் வடிவு! எனக்கு வலிக்குது! நான் குந்தப் போறேன்!"

முளைப்பாரிச் சட்டிகளுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். தப்பு நின்றது.

பூசாரிக்கு நம்பிக்கை போகவில்லை. "ஆத்தா வெளையாடுறா" என்று எரிகிற சூடத்தை என் உள்ளங்கையில் வைக்க நீட்டினார். "கைய நீட்டு தாயே!"

"வெச்சுப் பாருங்க. நான் போடுற சத்தம் பதுளையில கேக்கும்" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரி முகம் கறுத்துவிட்டது. "அப்ப சுத்து ஒடிஞ்சு போச்சு. அடுத்த வருசம் கனகந்தான்" என்றார்.

 தலையைக் குனிந்தேன். காலில் விழுந்த கனகம் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் கை என் கெண்டைக்காலில் இருந்தது. தசை கட்டை மாதிரி இறுகி, உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. சாமி இல்லையென்று சொன்ன பிறகும் அது நிற்கவில்லை. அவள் கையை எடுக்கவில்லை.

"மதினி, எப்பவும் இப்பிடித்தானா இருக்கும்?"

"நல்ல நாள்ல கொஞ்சம் கொறையும்."

"இன்னும் எங்கெல்லாம் வலிக்குது?"

அதுவரை வலி இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்கே என்று ஒருத்தரும் கேட்டதில்லை.  தோள், கழுத்து, விலா, விரல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முளைப்பாரிக்கு முன்னால் உட்கார்ந்து, நாற்பது பெண்கள் பார்க்க, கணக்கில்லாமல் சொல்லிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்கும் அந்த விலாப் பக்கந்தான்" என்றாள்.

கனகம் எழுந்து சீலையை இழுத்துச் செருகினாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் பழைய கனகத்தின் குரல்தான். "பூசாரி, சுத்து எங்க ஒடிஞ்சுச்சு? மதினி வாயி குந்தலயே! அவங்க பாடட்டும், நான் முன்னால சுத்துறேன். அம்மனுக்குப் பாட்டு வேணுமா, மதினி காலு வேணுமா?"

பூசாரி பெரிய கங்காணியைப் பார்த்தார். பெரிய கங்காணி, இடுப்பில் கட்டிய தலைப்பாகையை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "அடிங்கப்பா தப்ப" என்றார்.

மண்ணில் உட்கார்ந்தபடியே பாடினேன். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. என்னையும் முளைப்பாரியையும் சேர்த்து அவர்கள் சுற்றிவந்தார்கள். என் குரல் அப்படி ஒரு நாளும் ஏறியதில்லை. ஆம்பிளைகள் பக்கத்தில் வீரமலை கை தட்டிக்கொண்டிருந்தார், தாளம் மட்டும் சேரவேயில்லை.

ஓடைக்குப் போகும்போது என் சட்டியைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. கனகம் தன்னுடையதைத் தலையிலும் என்னுடையதை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்து, "நேராப் போடி, என் பயிரு சாயுது" என்று அதட்டிக்கொண்டே போனேன்.

"மதினி, நாளைக்கு எங்க வலிக்கும்னு இப்பவே சொல்லிப்புடுங்க. எண்ணெ காய வெக்கணும்" என்றாள்.

"அது எனக்கே தெரியாதுடி. காலையில வந்து கேளு" என்றேன்.