வெயிலில் வைத்துப் பார்த்த லேப்டாப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதில்லை. என் சார்ஜர் செத்துப்போய், காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மூலை நாற்காலியில் காத்துக்கிடந்தேன். அப்போது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களைப் போல எல்லாரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். அதில் ஒரு பெரியவர், மேசைமேல் இருந்த லேப்டாப்பைத் தொட்டுக் கேட்டார்: "இத வெளிய எடுத்துக்கினு போயி வெயில்ல வச்சிப் பாக்கலாமாப்பா?"

பட்டெடுக்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. கடை விளக்கில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனால் லேப்டாப்புக்கு அதைக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. சார்ஜரை மறந்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வி நிஜம். கூட வந்த பெண்ணின் கையும் நிஜம், அதைப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் நான் கூட்டிச் சேர்த்தது, பெயர்கள் உட்பட.

2

தொடக்கத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஏகாம்பரநாதர் கோபுரத்தின்மேல் காலை வெயில் மெல்ல—

[வேண்டாம். சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.]

சத்யப்ரியாவுக்கு முப்பத்திரண்டு ஜி.பி. ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவைப்பட்டன, ஏனென்றால்—

[இதுவும் வேண்டாம். கதை கேட்க வந்தவர் கையில் கொட்டேஷனைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.]

பொன்னிக்குக் கனம் பிடிக்கும்.

இது இருக்கட்டும்.

பொன்னிக்குக் கனம் பிடிக்கும். பெரிய காஞ்சிபுரம் பகுதியில் ஒரு பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவள் அவள். கல்யாணத்துக்கு முன்னே சேர்ந்தாள், இன்றைக்கு அந்தக் கடையில் அவள்தான் சீனியர். உள்ளங்கையில் ஏந்தினாலே புடவையின் தரம் சொல்வாள். கனமாக இருந்தால் நல்ல பட்டு, நல்ல ஜரிகை. லேசாக இருந்தால் அதில் ஏதோ குறைகிறது. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை.

மகள் சத்யப்ரியா பக்கத்து ஏனாத்தூர் காலேஜில் படித்துவிட்டு ஒரு சர்வே கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ட்ரோன் மேலிருந்து எடுக்கிற நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்குவது அவள் தொழில். இதுவரை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே செய்துகொண்டிருந்தாள். இப்போது கம்பெனி, ஃபீல்டுக்கு வருகிறாயா, வீட்டிலிருந்தே செய்கிறாயா, திங்கட்கிழமை சொல் என்று கேட்டிருக்கிறது. ஃபீல்டு என்றால் இன்றைக்குப் பக்கத்தில் தாமல் ஏரி, அப்புறம் ஓசூர், அதற்கப்புறம் தேனி. போன இடத்திலேயே மாதக்கணக்கில் தங்க வேண்டும். படம் சரியாக விழுந்ததா என்று ஏரிக்கரையில் நின்றபடியே ஒட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்குத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற அளவுக்குச் சின்னதாக, ஆனால் பெரிய மிஷின் செய்கிற வேலையைச் செய்கிற லேப்டாப் வேண்டும்.

வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை. "லேப்டாப் வாங்கணும்மா. நீ வந்து எடுத்துக் குடு" என்று மட்டும் சொன்னாள்.*

* ஆன்லைனில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் வாங்குவது வேறு, எடுத்துக் கொடுப்பது வேறு. காசு யாருடையதாகவும் இருக்கட்டும். பெரியவர்கள் கையால் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் சம்மதத்தை வாயால் கேட்கத் தேவையில்லை. சத்யப்ரியா அதைத்தான் கேட்டாள். பொன்னிக்கும் அது புரிந்தது. புரிந்ததால்தான் அன்றைக்கு ராத்திரி குழம்பில் உப்பே இல்லை.

3

இங்கே கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பிரதியில் பொன்னியின் கணவர் தர்மனை நான் சாகடித்திருந்தேன். தனியாக இருக்கிற அம்மா, ஒரே மகள் என்றால் வாசகர் கண்ணில் சுலபமாகத் தண்ணீர் வந்துவிடுமே என்று ஓர் ஆசை. பிறகு பார்த்தால், வெயிலில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்க ஆள் இல்லை. உயிரோடு கூட்டிவந்துவிட்டேன். ஆட்டோ ஓட்டுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

அவருடைய அக்கா அங்கம்மாளையும் சேர்த்துக்கொண்டேன். நல்லது கெட்டதுக்கு அத்தைக்காரி இல்லாமல் எப்படி?

கடைப் பையன் ஜோசுவாவை முதலில் நக்கல்காரனாக எழுதினேன். இவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் உதட்டோரம் சிரிப்பவனாக. அப்படி எழுதும்போது சிரித்தது ஜோசுவா இல்லை, நான்தான் என்று தெரிந்தது. அடித்துவிட்டேன். இப்போதைய ஜோசுவா பொறுமைசாலி. அவன் அம்மாவும் பட்டெடுக்கப் போனால் வெயிலுக்குத்தான் வருவாள்.

4

ஜோசுவா இரண்டு லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று பெரிது, அகலத் திரை. இன்னொன்று சின்னது, நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் தடிமன்.

"ரெண்டும் ஒர்க்ஸ்டேஷன்தாங்க்கா. ட்ரோன் வேலைக்கு ரெண்டுமே ஓடும்."

அங்கம்மாளுக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போயி கருப்புலியா எடுக்கறது? மாம்பழக் கலர்ல இல்லியா?"

"இது கருப்பு இல்லம்மா, கிரே."

"கடைக்காரங்க எல்லாம் இப்டிதான் சொல்வீங்க" என்றாள் அங்கம்மாள். பட்டுக்கடையில் பொன்னியிடமும் ஜனங்கள் இதையேதான் சொல்வார்கள். பொன்னிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அவள் ஒரு கையில் பெரியதையும் ஒரு கையில் சின்னதையும் ஏந்தினாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள்.

"இதான் நல்லது" என்று பெரியதை முன்னால் தள்ளினாள். "கனமா இருக்குது பாரு. அது தக்கையாட்டம் இருக்குது. இது இன்னா வெல?"

"சின்னதுதாங்க்கா வெல ஜாஸ்தி. கனம் கொறையக் கொறைய வெல ஏறும்."

பொன்னி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ஜரிகையே இல்லாத பொடவைக்குத்தான் நான் ஜாஸ்தி வெல சொல்லணுமாப்பா?"

ஜோசுவாவும் சிரித்துவிட்டான். ஆனாலும் நியாயத்தை மறைக்கவில்லை. பெரியதில் காற்று நன்றாகப் போகும், நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடும், சின்னது பாரம் ஏறினால் சூடாகிக் கொஞ்சம் தளரும் என்று சொன்னான்.

"கேட்டுக்கினியா? சூடாவுதாம்" என்றாள் பொன்னி மகளிடம்.

"சூடானா கொஞ்சம் ஸ்லோ ஆவும்மா, அவ்ளோதான். அது பெருசு. தூக்கிக்கினு அலைய முடியாது."

"எங்கடி அலையப் போற?"

[இந்த இடத்தில் மூன்று பாரா எழுதியிருந்தேன். மின்விசிறி சுற்றியது, ரோட்டில் பஸ் ஹாரன், யாரோ இருமியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் இருக்கட்டும். அது போதும்.]

5

தர்மன் பேச்சை மாற்றினார். வீட்டில் அவர் வேலையே அதுதான். "வெயில்ல வச்சிப் பாக்கலாமாப்பா?"

ஜோசுவா சரியென்றான். இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். சத்யப்ரியா பென் டிரைவில் கொண்டுவந்திருந்த தாமல் ஏரி வரைபடத்தை இரண்டிலும் திறந்தாள். நல்ல உச்சி வெயில்.

தர்மன் பெரியதில் குனிந்து பார்த்தார். பளபளவென்று கண்ணாடி மாதிரித் திரை. "இதுல என் மூஞ்சிதான் தெரியுது. ஷேவ் பண்ணலாம்."

சின்னதன் திரையில் பளபளப்பு கிடையாது. அதில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏய் பொன்னி, இங்க வா. ஏரி தெரியுது பாரு. மதகுகூடத் தெரியுது. இதுவா நீ ஒட்டுனது?"

"ஆமாம்பா."

"அத்தினியும் நீயா?"

"நான்தாம்பா."

தர்மனுக்கு ஒன்றும் தெரியாது. மனைவிக்கும் மகளுக்கும் நடுவே என்ன ஓடுகிறது என்பதே தெரியாமல், தராசின் ஒரு தட்டில் ஏரியைத் தூக்கி வைத்துவிட்டார். பொன்னி வந்து பார்த்தாள். அவள் பிறந்த ஊர் தாமல். அந்தக் கரையில் ஓடி விளையாடியவள், ஏரியை மேலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "உள்ள வாங்க, மண்ட காயுது" என்றாள்.

6

இப்போது கை.

பொன்னிக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. கல்யாணப் பெண்ணின் வாயைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். "எதா இருந்தாலும் ஓகேம்மா" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும். கண் வேறு புடவைகளில் மேயும். கை மட்டும் ஒன்றின்மேல் இருக்கும், அது அங்கே இருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. அம்மாக்காரிகள் பெரும்பாலும் வேறொன்றை எடுப்பார்கள், நல்ல கனமானதாக.

அப்போது பொன்னி ஒன்று செய்வாள். பிரித்துப்போட்ட புடவைகளை மடித்து அடுக்கும்போது, பெண்ணின் கை இருந்த புடவையைத் தற்செயல்போலக் கடைசியில் மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைப்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அம்மாக்காரி கிளம்புமுன் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள், அது கண்ணில் படும். பாதிக்குப் பாதி பலித்துவிடும். விலை குறைந்ததை மேலே வைக்கிறாள் என்று முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தர்மனுக்குக்கூட இது தெரியாது.

உள்ளே வந்து மேசைமுன் உட்கார்ந்தார்கள். சத்யப்ரியா சொன்னாள், "உனக்கு எது புடிக்குதோ அத எடும்மா. எதா இருந்தாலும் ஓகே."

பொன்னி அனிச்சையாக மகளின் கையைப் பார்த்தாள்.

மூலை நாற்காலியிலிருந்து நானும் பார்த்தேன். அந்தக் கை சின்னதன்மேல் இருந்தது.

7

முடிவு அ: பொன்னி பெரியதை எடுக்கிறாள். சத்யப்ரியா முகம் மாறாமல் "தேங்க்ஸ்மா" என்கிறாள். அது வீட்டில் துணி போர்த்தி வைத்த டி.வி. மாதிரி ஒரே இடத்தில் இருக்கிறது. மகளும் இருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், என்ன கேட்டாலும் நல்லாத்தான் இருக்குது என்கிறாள்—

[எழுத மனசு வரவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?]

முடிவு ஆ: பொன்னி சின்னதை எடுத்துக் கொடுக்கிறாள். அங்கம்மாள் அதற்குக் குங்குமம் வைக்கிறாள். ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் மகள்—

[பொன்னியிடம் நான் பேசவே இல்லை என்று தெரிகிறது. கதைகளில் அம்மாக்கள் சட்டென்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த அம்மாக்கள் அப்படியில்லை. விட்டுக்கொடுத்த பிறகும் பல நாள் உப்பில்லாமல் சமைப்பார்கள்.]

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சார்ஜர் வந்துவிட்டதென்று கடையின் உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது தர்மன் ஒரு பையோடு வாசல் இறங்கிக்கொண்டிருந்தார். இந்தக் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிய அட்டைப்பெட்டியில் போட்டுத் தொலைக்கிறார்கள்.

8

ஆகவே உள்ளே கூப்பிடுவதற்கு முந்தின நிமிஷத்திலேயே நின்றுகொள்கிறேன்.

ஜோசுவா வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்க எழுந்து போயிருக்கிறான். மேசைமேல் இரண்டும் திறந்தபடி கிடக்கின்றன. பிரித்துப்போட்டதை அப்படியே விட்டுவைக்கப் பொன்னியால் முடியாது. எந்தக் கடையானாலும் கை சும்மா இருக்காது. பெரியதை மூடுகிறாள். சின்னதை மூடப் போகிறாள். சத்யப்ரியா அப்போதுதான் தன் கை அதன்மேல் இருப்பதைக் கவனித்து, சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அம்மாவின் ரகசியம் அவளுக்குத் தெரியாது.

இரண்டும் மூடியாயிற்று. இனி அடுக்க வேண்டும். பெரியது கீழே, சின்னது மேலே என்று யார் அடுக்கினாலும் அடுக்குவார்கள். அதனால் சின்னதை மேலே வைத்துவிட்டு, சும்மா அடுக்கினேன் என்று பொன்னி சொல்லிக்கொள்ளலாம். அல்லது சின்னதன்மேல் பெரியதைத் தூக்கி வைத்து மறைத்துவிடலாம். இவ்வளவு நாளும் வேறு யாருடைய மகளுக்கோ செய்த காரியம் இது. இன்றைக்குத்தான் திரும்பிப் பார்க்க வேண்டிய அம்மாக்காரியும் அவளே.

ஒவ்வொரு கையிலும் ஒன்று இருக்கிறது. வலது கையில் கனம்.

நான் எழுந்து உள்ளே போகிறேன், என்னைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் அந்த மேசைக்கு வாருங்கள். அவள் கைகளில் உங்கள் கைகளை வைத்து, நீங்கள் அடுக்குங்கள். அவசரமில்லை. சத்யப்ரியா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.